பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில ஒரு குளம்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் புல்லைப் பத்தி. நிஜப் புல் இல்ல, பிளாஸ்டிக் புல். மழை பெஞ்சா வீட்டுக்குப் பின்னாடி சேறாகுது, செயற்கைப் புல் போட்டா சரியாயிடுமா? இதே கேள்வியோட ஒரு கடைக்குப் போய் மாட்டிக்கிட்டவன் நான்.

எங்க வீடு தென்சென்னையில, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம். பின்னாடி 300 சதுர அடி காலி இடம். துணி காயுற கொடி, துவைக்கிற கல்லு, ஒரு முருங்கை மரம், ஒரு பழைய உறைகிணறு. ஐப்பசி வந்தா கணுக்கால் வரைக்கும் சேறு. அதுல அம்மா ஒரு தடவை வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் நானும் அப்பாவும் புல் வாங்கப் போனோம்.

கடையிலிருந்து வந்தவங்க மண்ணை நிரவி, மேல கொஞ்சம் மணல் தூவி, புல்லை விரிச்சு, ஓரத்துல ஆணி அடிச்சாங்க. அரை நாள் வேலை. பார்க்க கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்துச்சு. அது 2021. அந்த நவம்பர்ல நுங்கம்பாக்கத்துல ஒரே ராத்திரியில 20 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது ஞாபகம் இருக்கா? மறுநாள் காலையில புல்மேல கால் வெச்சா சளக், சளக். மூணாவது நாள் நாத்தம். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தா, அடியில குளம். முன்னாடி சேறு கண்ணுக்குத் தெரிஞ்சது, இப்ப அது மேல ஒரு போர்வை. அவ்வளவுதான் வித்தியாசம்.

செயற்கைப் புல்லுங்கிறது ஓட்டை போட்ட கார்பெட். தண்ணி அது வழியா வேகமா கீழ இறங்கிடும். அதுக்கப்புறம் எங்க போகும்? அதைப் புல் முடிவு பண்ணாது, மண்ணுதான் முடிவு பண்ணும். இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணி ஊத்தி இறங்க விடுங்க. மறுபடி ஊத்தி நேரம் பாருங்க. பெசன்ட் நகர்ல, என் தோழி வீட்டு மணல்ல, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள காலி. எங்க வீட்டுக் களிமண்ணுல மறுநாள் காலையிலயும் பாதித் தண்ணி அப்படியே நிக்குது.

கடைக்குப் போன் பண்ணினோம். “அடியில காங்கிரீட் போட்டு வாட்டம் குடுத்துடலாம் சார், தண்ணி தெருவுக்கு ஓடிடும்”னாங்க. அப்பாவும் சரின்னுட்டாரு. அந்த வேலைக்குப் பேச வந்த மேஸ்திரிதான் எங்களைக் காப்பாத்தினாரு. மனுஷன் தரையைப் பார்க்கவே இல்ல, நிமிர்ந்து மாடியைப் பார்த்தாரு. “தம்பி, மாடித் தண்ணி எங்க விழுது?”

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல. இருபது வருஷமா அங்கதான் விழுது. நாங்க எல்லாரும் தினமும் அந்தக் குழாயைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம்.

இப்ப ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர் தண்ணி. எங்க மாடி 900 சதுர அடி, அதாவது சுமார் 84 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 8,400 லிட்டர். அந்த 300 சதுர அடி இடத்துல நேரா விழுற மழை 2,800 லிட்டர்தான். நாலுல மூணு பங்கு தண்ணி மாடியிலேர்ந்து வருது, நாங்க தரைக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தோம்! 8,400 லிட்டர்னா, கோடையில நாம காசு குடுத்து வாங்குற லாரித் தண்ணியில கிட்டத்தட்ட ஒரு லோடு. காங்கிரீட் போட்டிருந்தா அத்தனையும் தெருவுக்கு. அதுவும் போகாது, ஏன்னா ரோடு போட்டுப் போட்டு எங்க தெரு வாசலைவிட ஒரு அடி உயரமாயிடுச்சு. தெருத் தண்ணிதான் எங்க வீட்டுக்குள்ள வரும்.

2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆயிடுச்சே, உங்க வீட்டுல இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. குழி மண்ணு அடைச்சுக் கிடக்க, அது மேல அம்மாவோட துளசிச் செடி.

2022 கோடையில வேலை நடந்தது. முதல்ல மாடிக் குழாயைத் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியா கிணத்துக்கு விட்டோம். நியாயமா பாதிப் பிரச்சினை அதோட முடிஞ்சது. புல்லைச் சுருட்டிட்டு எட்டு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்தோம். அடித்தரைக்கு 25 அடிக்கு மூணு அங்குலம் வாட்டம். மேல ஜியோடெக்ஸ்டைல் துணி. இந்தத் துணி இல்லைன்னா ரெண்டே மழையில களிமண் மேல ஏறி ஜல்லியை அடைச்சிடும். அதுக்கு மேல ஆறு அங்குலம் 20 மில்லிமீட்டர் ஜல்லி, அப்புறம் சிப்ஸ், கடைசியா அதே பழைய புல். கிரஷர் டஸ்ட் வேண்டாம்னு மேஸ்திரி பிடிவாதமா சொன்னாரு. திமிசு போட்டா அது கல்லா இறுகிடும், தண்ணி இறங்காது. முருங்கையைச் சுத்தி மூணு அடிக்கு மண்ணை அப்படியே விட்டுட்டோம்.

ஜல்லி இருந்தா மட்டும் போதாது. கல்லுக்கு இடையில இருக்கிற காலி இடம் மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. எங்க ஜல்லி பிடிக்கிறது சுமார் 1,500 லிட்டர். 2,800 லிட்டர் வந்தா மீதி எங்க போகும்? அதனால தாழ்வான ஓரத்துல துளை போட்ட நாலு அங்குலப் பிவிசி குழாயைப் புதைச்சு, களிமண்ணைத் தாண்டி மணல் வரைக்கும் உறை இறக்கின ஒரு கசிவுக் குழியில விட்டோம். கிணத்துக்கு விடல. காலுல ஒட்டி வர்ற அழுக்கு, நாய் அசிங்கம் எல்லாம் அந்தத் தண்ணியில இருக்கும். துவைக்கிற கல்லு சோப்புத் தண்ணிக்கும் தனி வழி.

கூட்டிப் பார்த்தா, புல் வாங்கின செலவைவிட அதுக்கு அடியில போன செலவுதான் அதிகம். அப்போ புல்லே தேவையான்னு அப்பா கேட்டாரு. நல்ல கேள்வி. ஜல்லி மேல வெறும் கல் பாவியிருந்தாலே போதும். ஆனா அம்மா வழுக்காத, மெத்துன்னு ஒரு தரை கேட்டாங்க. அதனால புல் இருக்கு.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம். தெரு மூழ்கி, கேட் வழியா முழங்கால் அளவு தண்ணி உள்ள வந்துச்சு. கசிவுக் குழி, கிணறு எல்லாம் நிரம்பி வழியுது. புல் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள. வடிஞ்சப்புறம் மேல கறுப்பா வண்டல், ஒரு வாரம் தேய்ச்சுக் கழுவினோம். நம்ம இடத்துல விழுற மழைக்குத்தான் நாம வழி பண்ண முடியும். ஊர்த் தண்ணி உள்ள வந்தா இந்த ஏற்பாடெல்லாம் ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லாம யாராவது புல் வித்தா நம்பாதீங்க.

அடுத்த வருஷம் அக்டோபர் மழையில, மழை விட்ட ஒரு மணி நேரத்துல அம்மா கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். செருப்பு இல்லாம நடந்தாங்க. மே மாசத்துல அது நடக்காது, வெயில்ல அந்தப் புல் தோசைக்கல்லு. சாயங்காலம் கிணத்துலேர்ந்து நாலு வாளி இறைச்சு ஊத்தினாத்தான் கால் வைக்க முடியும்.

கிணத்துல தண்ணி இருக்கு.