களைக்கு முன் வடிகால்



இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். முதல் அமர்வு வடிகால், இரண்டாவது களை மேலாண்மை, நடுவில் தேநீர். அந்தத் தேநீர்தான் எனக்குக் கவலை. நீர்வளத் துறையினர் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், உழவியல்காரர்கள் அதன் பிறகுதான் வந்து சேர்வார்கள். அலுவலகங்களில் இந்தப் பிரிவினை இருந்துவிட்டுப் போகட்டும். திருச்சி மாவட்டத்து வயலில் வடிகாலும் களையும் ஒரே சிக்கல். இந்த உரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

நேரடி நெல் விதைப்பில் இன்று நாம் பெரிதும் நம்பியிருப்பது பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லி. களை இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போது தெளிக்கச் சொல்கிறோம். தெளிக்கும் முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும், களையின் இலைமேல் மருந்து பட வேண்டும், ஓரிரு நாள் கழித்துத்தான் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். பரிந்துரையில் 'தண்ணீரை வடித்துவிட்டு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஐப்பசி மழையில் நந்தியாறு நிரம்பி எதிர்க்கும்போது, லால்குடிப் பக்கத்து விவசாயி அந்தத் தண்ணீரை எங்கே வடிப்பார்? களை நீருக்கடியில் பத்திரமாக இருக்கும். பத்து நாள் கழித்துத் தண்ணீர் இறங்கும்போது அது மருந்துக்கு அடங்கும் பருவத்தைத் தாண்டியிருக்கும். அவர் அளவைக் கூட்டித் தெளிப்பார், நாம் அதை விவசாயியின் அறியாமை என்று கட்டுரையில் எழுதுவோம்.

முளைக்கு முன் இடும் மருந்தின் கதை இதற்குத் தலைகீழ். பூட்டாகுளோரை நட்ட மூன்றாம் நாளையொட்டி மணலில் கலந்து தூவுகிறோம். அப்போது வயலில் மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும், சில நாளைக்கு மடையைத் திறக்கக்கூடாது. அன்றிரவே மழை கொட்டி வரப்பு வழிந்தால் மருந்து அடுத்தவர் வயலுக்கும் வடிவாய்க்காலுக்கும் போய்ச் சேரும். காசு கொடுத்து வாங்கியவருக்குக் களை, கீழ்மடைக்காரருக்கு மருந்து.

இனி மருந்துத் தடைக்கு வருவோம். 2020 மே மாதம் மத்திய அரசு 27 பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளைத் தடைசெய்வதாக வரைவு ஆணை வெளியிட்டது. அதில் ஏழு களைக்கொல்லிகள். பூட்டாகுளோர், பெண்டிமெத்தலின், 2,4-டி மூன்றும் அந்த ஏழில் அடக்கம். அப்போதைக்கு ஏழுமே தப்பின. 2022 அக்டோபரில் கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஆணை வந்தது, அது நீதிமன்றப் படியும் ஏறியது. ஒன்றை இங்கே வெளிப்படையாகப் பேசிவிடுவோம். கிளைபோசேட்டுக்கு இந்நாட்டில் உள்ள அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். காவிரிக்கரை வாழைக்கு அது எந்த வழியாக வந்தது என்று இந்த அவையில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

தடை வரும் என்று பயப்படுவதற்கும் தடைக்குத் தயாராவதற்கும் உள்ள தூரத்தை இலங்கை காட்டிவிட்டது. 2015-இல் கிளைபோசேட்டைத் தடுத்தார்கள், 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள், 2021 மே மாதம் ரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கினார்கள். மாற்று வழி வயலுக்கு வந்து சேருமுன் ஆணை வந்துவிட்டது. இங்கிலாந்திலோ, ஈரக் களிமண் வயல்களில் பிளாக்கிராஸ் என்ற புல் மருந்துக்கு அடங்காமல் போயிற்று, நம்பியிருந்த சில மருந்துகளும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அந்த விவசாயிகள் இலையுதிர்கால விதைப்பை வசந்தத்துக்குத் தள்ளினார்கள், மண்ணுக்கடியில் பதித்த பழைய வடிகால் குழாய்களைத் தேடித் தோண்டிச் சீர்செய்தார்கள். மருந்து கைவிட்டதும் அவர்களும் வடிகாலுக்குத்தான் திரும்பினார்கள்.

நம் மாவட்டத்தில் வடிகாலும் களையும் பின்னிய சிக்கல் முற்றிய இடம் மணிகண்டம் வட்டாரம். நாவலூர் குட்டப்பட்டில் 1989-இல் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி தொடங்கியபோது அதற்கு வாய்த்த நிலமே களர்தான். (நல்ல நிலமாகக் கொடுத்திருந்தால் திருச்சி 1 முதலான களர் தாங்கும் நெல் ரகங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.) மழை விட்டு நாலு நாள் கழித்து அங்கே ஒரு வயலோரம் நின்று பாருங்கள். தண்ணீர் தெளிந்திருக்காது, பால் கலந்ததுபோல் கலங்கியே நிற்கும். சோடியம் ஏறிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து மிதந்து, மண்ணின் கண்களை எல்லாம் அடைத்துவிடுகின்றன. தண்ணீர் கீழேயும் இறங்காது, பக்கவாட்டிலும் நகராது. நாற்று அங்கங்கே கருகிச் சொட்டை விழும். விழுந்த சொட்டையில் களரைத் தாங்கும் புல் வந்து உட்காரும்.

இதற்கு ஜிப்சம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து, களித்துகளைப் பற்றியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகித் தண்ணீரில் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீரை வயலைவிட்டு வெளியேற்றினால்தான் சீர்திருத்தம் நடந்ததாகப் பொருள். வடிகால் இல்லாத வயலில் மானிய ஜிப்சம் மூட்டைகளைக் கொட்டுவது வீண் செலவு. மானியப் பட்டியலில் ஜிப்சத்துக்கு இருக்கும் இடம், அதே வயலின் வடிகாலுக்கும் இருக்க வேண்டும்.

மருந்துக்கு மாற்றாக, தள்ளிக் களையெடுக்கும் கோனோ வீடரைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். 25 செ.மீ. சதுர நடவு, இளநாற்று, குத்துக்கு ஒன்று, காலடியில் இரண்டு செ.மீ. தண்ணீர் என்றால் அது அருமையான கருவி. களர் நிலத்திலோ வயதேறிய நாற்றைக் குத்துக்குக் கூடுதலாக வைத்து நெருக்கி நடச் சொல்கிறோம். அங்கே கருவி எப்படி நுழையும்? இந்த முரணைத் தீர்க்கும் கட்டுரை ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினேன், தலைப்புகளில் தென்படவில்லை. தக்கைப்பூண்டு எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. நடவுக்கு முன் அடர்த்தியாக விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதால் களையின் முதல் தலைமுறை நிழலிலேயே மடியும், களர் மண்ணும் கொஞ்சம் இளகும்.

நிற்கும் தண்ணீரும் ஒரு மாற்றுதான். சமமாகப் பரம்படித்த வயலில் நட்டது முதல் ஐந்து செ.மீ. தண்ணீர் நிலையாக நின்றால் குதிரைவாலியும் ஊசிக்கோரையும் பெருமளவு எழும்பாது. ஆரைக்கீரை மட்டும் செழிக்கும். ஆனால் நாமேதான் நீர்ச் சிக்கனத்துக்காகவும் மீத்தேனைக் குறைக்கவும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறோம். காயும் நாளில் களை முளைக்கும். இரண்டு அறிவுரையையும் ஒரே விவசாயியிடம் ஒரே வாரத்தில் சொல்லிவிட்டு வருகிறோம்.

கைக்களைக்குத் திரும்பிவிடலாம் என்று மேடையில் சொல்வது எளிது. நாற்றுப் பருவத்தில் நெல்லையும் குதிரைவாலியையும் பிரிப்பது கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள பழக்கம். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்குச் சிறு செதிலும் காதும் இருக்கும், குதிரைவாலிக்கு அங்கே வழுவழுப்புதான். அதைத் தடவிப் பார்க்காமலே பிடுங்கத் தெரிந்த பெண்கள் பலருக்கு இப்போது முதுமை. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நிற்கும் அந்த வேலைக்குத் தங்கள் மகள்கள் வர வேண்டும் என்று அவர்களே விரும்பவில்லை. அந்த விருப்பத்தை மதித்துத்தான் நம் ஆய்வு தொடங்க வேண்டும்.

ஸ்ரீரங்கம் தீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகியபோது உத்தமர்சீலி, கிளிக்கூடு பக்கத்துத் தாழ்ந்த வாழைத் தோட்டங்களில் தண்ணீர் ஏறியது. வாழை வேர் சில நாள் மூச்சு முட்டினாலே அழுகத் தொடங்கும். வெள்ளம் வடியும்போது வண்டலோடு களை விதையையும் விட்டுப் போகும். அங்கே கிளைபோசேட்டுக்கு மாற்று தட்டைப்பயறு, சணப்பை மூடுபயிரும் வாழைச் சருகு மூடாக்கும். மூடுபயிருக்கும் தேங்கிய நீர் ஆகாது என்பதால் முதல் செலவு வடிகாலுக்கே. அந்த வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. வயலில் களை எடுக்க வடிகால் வேண்டும், வடிகால் ஓடக் களை எடுக்க வேண்டும்.

வாய்க்கால் மராமத்து வேலைக்கு ஆள் வர வேண்டும் என்று 1858-இல் வெள்ளைக்கார அரசு சட்டமே போட்டது. அந்தக் கட்டாயம் நமக்கு வேண்டாம். ஆனால் மேட்டூர் அணை திறக்குமுன் ஆண்டுதோறும் போடும் தூர்வாரும் பட்டியலில், ஆறும் பெரிய வாய்க்காலும் போக, வயலோரத்து வடிவாய்க்கால்களும் இடம்பெற வேண்டும். அந்தப் பட்டியலில் வேளாண் துறையின் கையெழுத்தும் வேண்டும். இதை இந்தக் கருத்தரங்கின் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த மருந்தை, எந்தக் கருவியை நீங்கள் சோதித்திருந்தாலும், சோதித்த நாளில் வயலில் எத்தனை செ.மீ. தண்ணீர் நின்றது, அது எந்த வழியாக வடிந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு முடிவுகளுக்குப் போங்கள். நீர்வளத் துறை நண்பர்கள் தயவுசெய்து தேநீருக்குப் பிறகும் இருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.