மண்ணில் எழுதிய சுவடுகள்



‘மண் முந்தியோ, மங்கை முந்தியோ’ என்பது உத்தரகோசமங்கையைப் பற்றி வழிவழியாக வழங்கி வரும் வினா. திருக்கோயிலின் தொன்மையை வியந்து எழுந்த வாக்கு அது. விடை வேண்டி எழுந்ததன்று. ஆயினும், அதன் முற்பாதியை நிலவியலார் மெய்யாகவே கேட்கின்றனர். இந்த மண் எப்பொழுது வந்தது? எதனால் படிந்தது? அது படிந்த நாளில் இங்கே எவ்வுயிர்கள் வாழ்ந்தன?

இவ்வினாக்களுக்கு விடை காணும் வழிகளுள் ஒன்றை இவ்வூருக்குத் தெற்கேயுள்ள ஏர்வாடிக் கடற்கரையிலேயே பார்க்கலாம். அலை வாங்கிய ஈரமணலில் நண்டு ஓடுகிறது. கால்பட்ட இடமெல்லாம் வரி விழுகிறது. சிறிது மேலே வறண்ட மணலில் அது வளை தோண்டுகிறது. தோண்டிய மணலை வாயிலில் குவிக்கிறது. நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் இக்காட்சியை நன்கு அறிவர். அலவன் ஆட்டி விளையாடிய மகளிரும் அறிவர். அடுத்த அலை வந்ததும் வரி அழிந்துவிடும். ஆனால், எல்லாச் சுவடுகளும் அழிவதில்லை. எங்கோ ஓரிடத்தில் வளைக்குள் வேறு நிறமணல் புகுந்து நிறைகிறது. மேலே வண்டல் படிகிறது. படிவின்மேல் படிவு அழுத்துகிறது. நீரில் கரைந்த சுண்ணமும் பிறவும் மணிகளைப் பிணைக்க, மணல் மணற்கல்லாகிறது. வளை தோண்டிய நண்டு மறைந்து போகிறது. வளை கல்லில் நிலைத்து விடுகிறது.

இதுவே சுவட்டுப் புதைபடிவம். எலும்பு, ஓடு, சிப்பி ஆகியன உயிரின் உடலைக் காட்டுவன. சுவடோ உயிரின் செயலைக் காட்டுவது: நடந்தது, ஊர்ந்தது, தோண்டியது, மேய்ந்தது, இளைப்பாறியது. சிப்பியை வெள்ளம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அடித்துச் செல்லலாம். வளையை அவ்வாறு அடித்துச் செல்ல இயலாது. அது எந்த மண்ணில் உள்ளதோ அந்த மண்ணிலேயே அவ்வுயிர் வாழ்ந்தது. எலும்பும் ஓடும் இல்லாத புழுவுக்கோ, பெரும்பாலும் இதனைத் தவிர வேறு வரலாறே இல்லை.

ஆனால், இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஒரே உயிர் ஓடும்போது ஒரு சுவடும், மேயும்போது வேறு சுவடும் விடும். முற்றிலும் வேறான இரண்டு உயிர்கள் ஒரே வகையான வளையைத் தோண்டுவதும் உண்டு. ஆதலால் நிலவியலார் சுவடுகளுக்குத் தனிப்பெயர் இடுகின்றனர். அப்பெயர் சுவட்டுக்குரியதேயன்றி உயிருக்குரியதன்று.

இத்துறையைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் செருமானிய அறிஞர் அடால்ஃப் சைலாக்கர் (1925–2014). தியூபிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராய் விளங்கிய இவர், 1992-இல் சுவீடன் நாட்டு அறிவியற் கழகத்தின் கிராஃபோர்டு பரிசினைப் பெற்றார். சுவடுகள் தனித்தனியே அன்றிக் கூட்டங்களாக அமைகின்றன என்பதை 1960-களில் அவர் எடுத்துக் காட்டினார். அலை மோதும் ஆழமற்ற மணலில் உயிர்கள் செங்குத்தாகக் குழாய் போலத் தோண்டிப் பதுங்குகின்றன. உணவு அலையோடு வந்து சேர்கிறது. அமைதியான ஆழ்கடல் அடியில் உணவு அரிது. அங்கே உயிர்கள் ஏர் உழுவது போல் வளைந்து வளைந்து, உழுத சாலை மீண்டும் உழாமல் மேய்கின்றன. ஆகவே, பாறையிற் காணும் சுவடு பழங்கடலின் ஆழத்தை உணர்த்தும் என்றார் அவர். ஆழம் மட்டுமன்றி அடிமண்ணின் தன்மை, நீரோட்டம், உயிர்வளியின் அளவு ஆகியனவும் இதில் பங்குகொள்கின்றன எனப் பின்வந்தோர் திருத்தினர்.

இது தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றலாம். அவ்வாறன்று. இராமநாதபுரத்து வண்டலுக்கும் மணலுக்கும் கீழே காவிரிப் படுகையின் படிவுப்பாறைகள் ஆழப் புதைந்து கிடக்கின்றன. வழுதூர் மின்நிலையத்தை இயக்கும் எரிவாயு இப்பகுதியின் நிலத்தடியிலிருந்தே வருகிறது. அதே படுகையின் பழைய அடுக்குகள் அரியலூர், காரை, ஊட்டத்தூர்ப் பகுதிகளில் வெளியே தெரிகின்றன. எச்.எஃப். பிளான்ஃபோர்டு அவற்றை ஆராய்ந்து 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அப்பாறைகளில் சுருள்சங்குகளோடு வளைச்சுவடுகளும் உள்ளன. இராமநாதபுரத்திலோ துளையிட்டு எடுக்கும் கைப்பிடியளவுக் கல்லுருளையே கிடைக்கும். அதில் முழுச் சங்கு அகப்படுவது அரிது. வளையின் ஒரு வெட்டுமுகம் அகப்படலாம். அவ்வொரு கீற்றிலிருந்து கடலைக் கண்டறியும் திறன் வேண்டும்.

அத்திறனுக்கு வந்த சோதனையும் இந்தியாவிலேயே நிகழ்ந்தது. மத்தியப் பிரதேசத்துச் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சோர்ஹட் மணற்கல் என்னும் விந்தியப் பாறை உள்ளது. அதன் மேற்பரப்பில் புழு ஊர்ந்தது போன்ற வளைந்த தடங்கள் காணப்பட்டன. சைலாக்கரும், யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துப் பிரதீப் போஸும், ஃப்ளூகரும் 1998-இல் ‘சயன்ஸ்’ இதழில் அவற்றைப் பற்றி எழுதினர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே புழுவையொத்த விலங்குகள் வாழ்ந்தன என்பது அவர்கள் கருத்து. உலகமே வியந்தது. விலங்குகளின் ஐயமற்ற சுவடுகள் ஏறத்தாழ ஐம்பத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை மட்டுமே.

பின்னர் 2002-இல், அப்பாறைத் தொகுதியிலுள்ள எரிமலைச் சாம்பலின் சிர்க்கான் மணிகளைக் கொண்டு காலம் கணித்தனர். நூற்றுப்பத்துக் கோடியன்று, ஏறத்தாழ நூற்றறுபது கோடி ஆண்டுகள் என்று விடை வந்தது. பழமை கூடினால் பெருமை கூடும் என எண்ணுவோர் உண்டு. இங்கே பழமை கூடியதே கருத்துக்கு இடையூறாயிற்று. நூறு கோடி ஆண்டுக் காலம் வேறு சுவடே இன்றி ஓர் உயிரினம் எங்கே ஒளிந்திருந்தது? அத்தடங்கள் உயிர் ஊர்ந்தவை அல்ல, வண்டற்படலம் சுருங்கியும் விரிந்தும் விழுந்த கோடுகளாகலாம் என்றனர் பலர். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அவற்றை விலங்கின் சுவடாக ஏற்பதில்லை.

இதனால் சைலாக்கரின் பெருமை குன்றிவிடவில்லை. கண்டதைக் கண்டவாறு வரைந்தார், படம் காட்டினார், பிறர் மறுக்கக்கூடிய வடிவில் கருத்தை முன்வைத்தார். மறுக்க இயலாதபடி மூடிவைத்த கருத்தால் எவருக்கும் பயனில்லை. ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர் இம்முறையை அறிவர். ஓர் ஏட்டில் கண்ட பாடம் எத்துணை இனிதாயினும், பிற ஏடுகளோடு ஒப்பிடாமல் அதனை மூலமென்று அச்சிடார். சுவடிக்கு உரிய நெறியே சுவட்டுக்கும் உரியது.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். இராமேசுவரத் தீவில் கடல் மட்டத்திற்கு மேலே நிற்கும் பவளப் பாறைகள், கடல் முன்பு அங்கே நின்றதைச் சொல்கின்றன. இக்கடற்கரையின் மேல்மண் நிலவியற் கணக்கில் மிக இளையது. அதன் அடியில் உள்ளது பல கோடி ஆண்டு மூத்தது. ‘மண்’ என்பது ஒரு மண்ணன்று. அடுக்கடுக்காய்ப் பல மண். எந்த மண் என்று கேட்ட பிறகே எது முந்தியது என்று கேட்க வேண்டும். ஏர்வாடிக் கரையில் நாளைக் காலை நண்டின் வளையைக் காண்போர் சற்றே நின்று பார்ப்பாராக. சைலாக்கர் கல்லில் படித்த எழுத்தின் அரிச்சுவடி அங்கே நாள்தோறும் எழுதப்படுகிறது.