வானத்திலிருந்து வட்டையைக் காணல்
(சங்கத்தின் ஆண்டு விழாவிலே கல்குடாவில் நிகழ்த்திய பேச்சு)



சொந்தத் தொழில் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கடையையும் வள்ளத்தையும் அரிசி ஆலையையும் பற்றிப் பேச என்னிலும் தகுதியானோர் இச்சபையிற் பலருளர். ஆகவே நான் அறிந்த வரைபடத் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். செய்மதிகள் எடுக்கும் படங்களை வைத்து, நிலத்தையும் நீரையும் பயிரையும் பற்றிக் கேட்போருக்கு விடை சொல்லிக் கூலி பெறுதலே அத்தொழில். கல்குடாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். கேளுங்கள்.

நில அளவை நமக்குப் புதிதன்று. இலங்கை நிலஅளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1802இல் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியா முழுவதையும் அளக்கும் பெருவேலைக்கு வித்திட்டார். இவை அரசாங்கக் காரியங்கள். ஆயினும் அனுமதிப்பத்திரம் பெற்ற நில அளவையாளர் தனித்து நின்று, தமக்கென ஒரு சிறு கந்தோர் வைத்துத் தொழில் செய்வதும் நம் நாட்டிற் பழைய வழக்கமே. நம் வீட்டுப் பெட்டிகளிலுள்ள உறுதிகளை எடுத்துப் பாருங்கள். அவர்கள் கீறிய பிளானின் இலக்கம் அங்கே இருக்கும்.

இப்பொழுது மாறியிருப்பது படத்தின் விலை. லான்ட்சற் என்னும் அமெரிக்கச் செய்மதி வரிசையில் முதலாவது 1972இல் ஏவப்பட்டது. பின்னர் அதன் படங்களைத் தனியார் விற்ற காலத்தில் ஒரு படம் ஆயிரக்கணக்கான டொலர் பெற்றது. 2008இல் அவை யாவும் இலவசமாக்கப்பட்டன. 2015இலும் 2017இலும் ஐரோப்பியர் சென்ரினல் இரண்டு என்னும் செய்மதிச் சோடியை ஏவினர். ஐந்து நாளுக்கொருமுறை நமது வாவியும் வயலும் படமாகின்றன. அதற்கும் காசு இல்லை. படங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருளும் இலவசம். ஒரு கணினியும் இணைய இணைப்பும் பொறுமையும் இருந்தால் ஒருவர் தொடங்கிவிடலாம்.

ஆனால் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பொருளை எவர் விலைகொடுத்து வாங்குவர்? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். படத்தை அழகாக வர்ணந்தீட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், 'நல்லாயிருக்குது தம்பி' என்று தேநீர் தந்து அனுப்புவார்கள். கேட்பவருக்கு வேண்டியது படமன்று, விடை.

மாரி காலத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மண்திட்டு அடைத்து நிற்கும். வெள்ளம் ஏறி வட்டைகள் மூழ்கத் தொடங்கியதும் வெட்டிவிடு என்பர் போடிமார். வலை வீசுவோருக்கு வேறு கணக்கு உண்டு. எந்த வட்டையில் எத்தனை நாள் நீர் நின்றது என்று தெரிந்தால் வழக்குப் பாதி தீரும். 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தவர் எவருமிலர். ஆனால் நமக்கு மழை பெய்யும் அந்த மாதங்களிலே சாதாரணச் செய்மதிக்குத் தெரிவது மேகமே. ராடர்ச் செய்மதியோ மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அசையாத நீர்ப்பரப்பு அதிலே கறுப்பாகத் தெரியும். சென்ரினல் ஒன்று என்னும் அவ்வகைப் படங்களும் 2014 முதல் இலவசமே.

அங்கும் ஒரு சிக்கல். விதைப்புக்காகத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்பு. வெள்ளத்தில் மூழ்கிய வயலும் கறுப்பு. பயிர் உயர்ந்து நிற்கும் வயலில் நீர் நின்றாலும் அது கறுப்பாகத் தெரியாமற் போகும். கொழும்பிலோ லண்டனிலோ இருந்து பார்ப்பவர் இதனை எப்படிப் பிரித்தறிவார்? எந்த வட்டை எப்போது விதைத்தது, எந்த வாய்க்கால் எப்போது உடைத்தது என்பதெல்லாம் வட்டை விதானையாருக்குத் தெரியும். அவரோடு திண்ணையில் இருந்து பேசக்கூடிய பிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவே இத்தொழிலின் முதல். அதை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

பாசிக்குடாவில் 2009க்குப் பின் ஹோட்டல்கள் எழுந்தன. இத்தகைய கரையிலே தோணி இழுக்கும் இடமும், வாடியும், கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் பத்து மீற்றர்ப் படத்திலே தெரியா. அவற்றைக் கால் நடையாகச் சென்று குறித்து வைப்பவர் இல்லையேல், திட்டம் கீறுபவரின் கண்ணுக்கு அக்கரை வெறும் மணலே.

எல்லையையும் சொல்லவேண்டும். பத்து மீற்றர்ப் படத்திலே ஒரு புள்ளி ஏறக்குறைய நான்கு பேர்ச் நிலம். ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள். இரண்டு பேர்ச்சுக்காக வேலிச் சண்டை பிடிக்கும் அண்ணன் தம்பிக்கு இந்தப் படம் தீர்ப்புச் சொல்லாது. அது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நிலஅளவைச் சட்டத்தின்படி பதிவுபெற்ற அளவையாளரின் வேலை. அதற்குள் நுழையாதிருப்பது நல்லது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை; பிழையான எல்லைக்கோடு மூன்று தலைமுறைக்குக் கோடு ஏற வைக்கும்.

இனிக் காசு. கமக்காரரிடம் தனித்தனியே கட்டணம் வாங்கிப் பிழைக்கலாம் என்று எண்ணாதீர்கள். அவர் கையில் அதற்குப் பணமில்லை. கமக்காரர் அமைப்பு, காப்புறுதி நிறுவனம், பிரதேச சபை, இறால் வளர்ப்போர், பல்கலைக்கழக ஆய்வாளர் ஆகியோரே கொடுக்கக்கூடியவர்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின் நிவாரண நிறுவனங்கள் பல வந்தன, வரைபடங்கள் கேட்டன, திட்டம் முடிந்ததும் போய்விட்டன. ஒரே கதவை நம்பி வீடு கட்டுபவர் அந்தக் கதவு சாத்தப்படும்போது உள்ளே நிற்பார். அரசாங்கத் திணைக்களம் கொடுக்கும் காசோலை ஆறு மாதம் பிந்தினாலும் மின்சாரக் கட்டணம் பிந்தாது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

விழாவுக்கு வந்த பெரியவர் ஒருவர், 'மகனுக்கு ட்றோன் வாங்கிக்கொடுக்கக் காணியை ஈடு வைக்கலாமா?' என்று வழியில் மறித்துக் கேட்டார். வேண்டாம், ஐயா. அதைப் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு அமையவேண்டும். விழுந்தால் ஒரு நொடியிற் காணி போயிற்று. முதலில் வேலை வரட்டும்; தேவையான நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். மகன் இரண்டு போகம் இலவசப் படங்களோடு பழகட்டும்.

அவரோடு இன்னும் நான்கைந்து பிள்ளைகள் சேர்வார்களாயின் இந்த மாரிக்கே தொடங்கலாம். ஆளுக்கொரு கொப்பி எடுத்து, தத்தம் வட்டையில் நீர் ஏறிய திகதி, வடிந்த திகதி, விதைத்த திகதி ஆகியவற்றை எழுதி வாருங்கள். தைப்பொங்கல் கழிந்ததும் கொப்பிகளோடு வாருங்கள். ராடர்ப் படங்களை விரித்து வைத்து, எங்கே படம் சரி, எங்கே கொப்பி சரி என்று பார்ப்போம்.