தண்ணீருக்குள் ஒரு டவுன்: மஸ்கெலியா

கொழும்புக்குக் குடிநீர் தரும் அம்பத்தளை நிலையம் களனி கங்கையிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. அந்தத் தண்ணீர் புறப்படும் இடத்துக்கு இன்று போவோம். கோட்டையில் பதுளை ரயில் ஏறி ஹட்டனில் இறங்கினால், நோர்வூட், மஸ்கெலியா பஸ்கள் காத்து நிற்கும்.

டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ ஏரி தெரியத் தொடங்கும். தேயிலை மலைகளின் இடுக்குகளுக்குள் கையை நீட்டி நீட்டிப் படுத்திருக்கும் நீர். இயற்கையாக அமைந்த ஏரி என்றே முதலில் தோன்றும். உண்மையில் இது கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். அடுத்த பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயாவை மறித்து எழுந்தது மவுஸ்ஸாகலை, 1969இல். இந்த இரண்டு ஓயாக்களும் மலைக்குக் கீழே கூடும் இடத்தில்தான் களனி என்ற பெயர் பிறக்கிறது.

இந்த மலை நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்கோடு எழுதிக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபானவில் முதல் மின்நிலையம் இயங்கியது 1950இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் காத்திருக்க நேர்ந்தது. காசல்ரீ நீரால் இயங்கும் மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

ஏரி வருவதற்கு முன் இங்கே கோப்பி. இலைநோய் வந்து கோப்பி அழிந்த பின் தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து வந்த நம் சனங்கள் காடழித்துக் கட்டிய மலைகள் இவை. ஏரியைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம் 1878இல் கட்டியது. உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் இந்தப் பக்கத்தில்தான் காலமானார்; பொகவந்தலாவை தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. காசல்ரீ கரையிலுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் சில இப்போது உல்லாச விடுதிகள். அங்கே ஓர் இரவு தங்கும் கட்டணம், எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். அந்தப் பங்களாவின் வராந்தாவிலிருந்து பார்த்தாலும் லயங்கள் தெரியும். பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் இழுப்பது மஸ்கெலியா. இன்று பஸ் நிற்கும் மஸ்கெலியா, பின்னர் மேட்டில் எழுந்த டவுன். பழைய டவுன் மவுஸ்ஸாகலை நீருக்கு அடியில் கிடக்கிறது. கடைத்தெரு, சண்முகநாதர் கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் ஒரே பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தோட்டத்துச் சனங்கள் சம்பள நாளில் சாமான் வாங்கிய இடம். சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர் இளைப்பாறிய இடம். நாட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்று அந்த ஊர் தன் இடத்தை விட்டுக் கொடுத்தது. ஆனால் சுற்றுலாப் புத்தகங்கள் ஏரியின் அழகைச் சொல்லுமளவுக்கு இந்தக் கதையைச் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

மழை பொய்த்த வருடங்களில் நீர்மட்டம் இறங்கும்போது கோயில் சுவர்கள் சேறு பூசியபடி மேலே வரும். அப்போது ஊர்ச்சனம் திரண்டு போய்ப் பார்க்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, எந்தக் கடை எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டும் பெரியவர்கள் உண்டு. தை பிறந்த பின், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பான வறண்ட மாதங்களில்தான் அந்த வாய்ப்பு அதிகம். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலமும் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நடப்பதால், மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

போகிறவர்கள் பாதுகாப்புக்காக நீர்த்தேக்கத்தின் சேற்றுக்குள் இறங்க வேண்டாம், கரையிலிருந்தே பார்க்கலாம். மஸ்கெலியா பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே, வயதான யாரிடமாவது "பழைய டவுன் எந்தப் பக்கம் ஐயா இருந்தது?" என்று கேளுங்கள்.