நப்பின்னை என்றொரு பெயர்



மார்கழி விடியற்காலையில் வானொலியைத் திருப்புகிற வழக்கம் உள்ளவர்களுக்கு இன்று நான் பேசப்போகிற பெயர் புதிதல்ல. திருப்பாவையின் 30 பாசுரங்களில் 18, 19, 20 ஆகிய மூன்றிலும் ஆண்டாள் ஒருத்தியைப் பெயர் சொல்லி எழுப்புகிறாள். நப்பின்னை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தபடி பாடினால் சாவேரி, சஹானா, செஞ்சுருட்டி என்று மூன்று ராகங்களில் மூன்று நாள் காதில் விழும் பெயர் இது. அவ்வளவு பழகிய பெயர்தான். ஆனால் உங்கள் தெருவிலோ சொந்தபந்தத்திலோ ஒரு நப்பின்னை உண்டா? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்புக்கு நாலு பிரியா, மூன்று திவ்யா என்று வருகைப் பதிவேடு வாசித்தே குரல் தேய்ந்தவள். அத்தனை ஆண்டுப் பதிவேடுகளிலும் எனக்கு அகப்பட்டது ஒரே ஒரு நப்பின்னைதான். ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். பெயரை வாசித்ததும் வகுப்பே சிரித்தது. இரண்டே நாளில் அவள் ‘பின்னு’ ஆனாள். அந்த வாரம் முடிவதற்குள் ‘ஊக்கு’ ஆகிவிட்டாள். பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. “எங்க தாத்தா வச்ச பேரு டீச்சர்” என்று ஒரே பதில்.

அந்தத் தாத்தாவைப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்தேன். மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றுகிறவர். பஜனை மடத்தில் ஜால்ரா தட்டுகிறவர். இந்தப் பெயர் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். “நாங்க மாடு கன்னோட பொழைக்கிற ஜனம்மா. ராதை வடக்கேயிருந்து வந்தவ. நப்பின்னை நம்ம வீட்டுப் பொண்ணு” என்றார். தமிழ் எம்.ஏ.வில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பின்னை என்றால் பின்னால் பிறந்தவள், இளையவள். திருமகளுக்கும் இந்தப் பெயர் உண்டு. மூதேவிக்குப் பின்னே பிறந்தவள் இல்லையா! முன்னால் நிற்கும் ‘ந’ சிறப்பைக் காட்டுவது. நக்கீரரிலும், மாறோக்கத்து நப்பசலையாரிலும், காக்கையைப் பாடிப் பேர்பெற்ற நச்செள்ளையாரிலும் இருக்கிற அதே ‘ந’தான். பின்னைய இருவரும் பெண்பாற் புலவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆக, நல்ல இளையவள், அருமைத் தங்கை. இலக்கணம் இவ்வளவு போதும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நிலைய நண்பர்கள் கடிகாரத்தைக் காட்டினாலும் இந்த இடத்தை மட்டும் சுருக்க மாட்டேன்.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை. மதுரைக்கு வெளியே ஆயர் சேரி. மாதரியின் பொறுப்பில் கண்ணகி இருக்கிறாள். கோவலன் சிலம்பு விற்கப் போயிருக்கிறான். அன்றைக்கு ஒன்றுமே சரியில்லை. குடத்துப் பால் உறையவில்லை. உறியில் இருக்கும் வெண்ணெய் உருகவில்லை. எருதின் கண்ணில் நீர் வழிகிறது. மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. என்னவோ வரப்போகிறது என்று மாதரிக்குப் புரிகிறது. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? அழவில்லை, குறி கேட்கவும் ஓடவில்லை. கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும், கண்ணகியும் பார்க்கட்டும், குரவை ஆடுவோம் என்கிறாள். கண்ணனும் அவன் அண்ணனும் பின்னையோடு ஆடிய அதே குரவை.

ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். ஏழு பேருக்கும் மாதரி ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்பவள் மாயவன். இளி என்பவள் பலராமன். துத்தம் என்பவள் நம் பின்னை; அங்கே ‘பிஞ்ஞை’ என்றும் வரும். இன்றைய கணக்கில் குரல் என்பது ச, துத்தம் ரி. ஆகவே ஆட்டத்தில் மாயவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள் பின்னை. உறவையும் சங்கீதத்தையும் ஒரே வட்டத்தில் நிறுத்தி வைத்த இளங்கோவின் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன்.

இதைத் தமிழ் மன்ற விழாவில் ஆட வைத்தேன். நண்டின் கொடுக்குப் போல விரல் கோத்து ஆட வேண்டும், கற்கடகக் கை என்று பெயர். ஏழு பிள்ளைகளுக்கும் விரல் சிக்கிக்கொண்டு ஒத்திகை முழுக்க ஒரே சிரிப்பு. துத்தமாக நிற்க யாரைக் கூப்பிடுவேன்? கையில் நப்பின்னையே இருக்கிறாள்! “நீதாம்மா பின்னை” என்றேன். “வீட்லயும் அதான், ஸ்கூல்லயும் அதான். இன்னிக்காவது நான் கிருஷ்ணனா நிக்கிறேன் டீச்சர்” என்றாள். நின்றாள். மயிற்பீலி சரிந்து சரிந்து கண்ணை மறைக்க, ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டே சுற்றி வந்தாள். தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து, பேத்தி பின்னை இல்லை என்று தெரியாமலே கைதட்டினார்.

சிலம்போடு நின்றுவிடவில்லை. சீவக சிந்தாமணியில் ஆயர் தலைவன் நந்தகோன், தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குக் கொடுக்க முன்வரும்போது, முருகன் வள்ளியைக் கொள்ளவில்லையா, திருமால் நப்பின்னையைக் கொள்ளவில்லையா என்று முன்னுதாரணம் காட்டுகிறான். ஒரு சமண காவியத்தில் பெண்ணைப் பெற்ற தகப்பன் பேசும் பேச்சு இது! அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை என்றால்தானே இப்படிச் சொல்ல முடியும்?

ஏழு காளைகளை அடக்கி அவளை மணந்தான் என்பது கதை. பாகவதத்தில் ஏழு காளைக் கதை உண்டு; ஆனால் பெண் கோசல அரசன் நக்னஜித்தின் மகள் சத்யா. அவள் அரண்மனைப் பெண். நம்மவளோ ஆயர்குலப் பெண், யசோதையின் அண்ணன் மகள் என்பார்கள்; அதாவது முறைப்பெண். நந்தகோபன் மருமகள் என்றுதான் ஆண்டாள் அவளைக் கூப்பிடுகிறாள். கண்ணனை எழுப்ப வேண்டுமானால் முதலில் வீட்டுக்காரியை எழுப்பு என்பது எவ்வளவு நடைமுறை அறிவு!

ராமானுஜர் திருவரங்கத்தில் இந்த 18ஆம் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டே பிட்சைக்குப் போனபோது, பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளையல் குலுங்கக் கதவைத் திறக்க, நப்பின்னையே வந்துவிட்டாள் என்று மயங்கி விழுந்தார் என்பது வைணவர் சொல்லும் செய்தி. திருக்கோட்டியூர் நம்பி வீட்டில் நடந்ததாகவும் சொல்வார்கள். அத்துழாய் என்பதும் இப்போது காணக் கிடைக்காத பெயர்தான். அதற்கு வேறொரு நாள் அழையுங்கள், வருகிறேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் அரிய பெயர்? ஆசாரியர்கள் நப்பின்னையை நீளாதேவியாகக் கண்டார்கள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியனே நீளா என்றுதான் தொடங்குகிறது. கோயிலில் பெயர் மாறியது ஒரு பக்கம். மறு பக்கம், ஜெயதேவருக்குப் பிறகு அஷ்டபதியும் ராதா கல்யாணமும் பஜனை மடங்களுக்குள் வந்து ராதைக்கு நாற்காலி போட்டுவிட்டன. இவை போதாதென்று உச்சரிப்பு, எழுத்துத் தொல்லை வேறு. அந்தப் பெண் பத்தாம் வகுப்பு வந்தபோது தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் ஆங்கிலத்தில் ஒரு ‘பி’யும் ஒரு ‘என்’னும் குறைந்து, ‘நபினை’ என்று அச்சாகி வந்தது. திருத்தி அனுப்பினோம், இரண்டு ‘பி’ போட்டு ஒரு ‘என்’ மட்டும் திரும்பி வந்தது. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அலைந்து, இரண்டு ‘பி’, இரண்டு ‘என்’ வாங்காமல் விடவில்லை. இந்த அலைச்சலுக்குப் பயந்தே நல்ல பெயர்களைக் கைவிடும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் பெயர் அற்றுப்போய்விடவில்லை. தமிழ்ப் புலவர் குடும்பங்களிலும் வைணவ வீடுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. இணையக் குற்றச் சட்டங்களில் வல்லவரான உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் என்.எஸ். நப்பின்னையின் பெயரைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நேரம் முடிந்துவிட்டது என்று சைகை வருகிறது. ஒன்று மட்டும். அனுஷ நட்சத்திரத்துக்கு ‘ந’ எழுத்து என்று சோதிடர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு நவ்யாவா, நந்திதாவா, நிஹாரிகாவா என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கிற தாத்தா பாட்டிகள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பட்டியலின் கடைசியிலாவது நப்பின்னையை எழுதிவையுங்கள். மருமகள் சம்மதித்தால் நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.