ஆசிரியர் நலமே பிள்ளைகள் நலம்



பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென, நெகிரி செம்பிலான் அடங்கிய கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சில தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். ஒருவரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார். 2003இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. உடற்குறையோ கற்றல் இடர்ப்பாடோ உள்ள பிள்ளையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளைக்குக் கல்வியைச் சேர்ப்பவர் ஆசிரியரே. அவர் களைத்துவிட்டால், கடைசி வரிசைப் பிள்ளையே முதலில் கவனிப்பை இழக்கும். ஓயாமல் சீவினால் பால்மரமும் வறளும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவது அதனாலன்றோ?

ஆகவே, சுமையைத் தனித்துச் சுமக்க வேண்டா. பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி வாரந்தோறும் சக ஆசிரியர்களோடு கலந்து பேசுங்கள். சோர்வுற்றால் தலைமையாசிரியரிடம் மறையாது கூறுங்கள். தம் நலம் பேணுவதும் ஆசிரியர் கடமையே.