துயர் ஆற்றும் கதைகள்



சூடான தேநீரை ஆற்றிக் குடிக்கிறோம். துயரத்தில் இருப்பவரையும் ஆற்றுகிறோம், தேற்றுகிறோம் என்கிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். தேநீரை ஆற்ற வேண்டுமானால் இரண்டு குவளைகள் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றும்போதுதான் சூடு தணிகிறது. மனத்துயரும் அப்படித்தான். அது ஒருவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டால் தணிவதில்லை. வாங்கிக்கொள்ள இன்னொரு நெஞ்சு வேண்டும். அருகில் அப்படி ஒருவர் இல்லாதபோது ஒரு கதையால் அந்த வேலையைச் செய்ய முடியுமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள். பினாங்கைக் களமாகக் கொண்ட ஒரு நாவலையும், சயாம் மரண ரயிலைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட நாவல்களையும் துணையாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

துயரத்தை ஆராய்வது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தார். அவற்றுள் அழுகையும் ஒன்று. அந்த அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அவர் கூறுகிறார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறர் இகழ்ந்து தாழ்த்துவது இளிவு. உயிரையோ பொருளையோ இழப்பது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது அசைவு. இல்லாமையால் வாடுவது வறுமை. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் அவலநாடகம் காண்போர் உள்ளத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அந்த உணர்ச்சிகளுக்கு வடிகாலாக அமைகிறது என்றார். துயரக் கதை படித்து அழுகின்றவரைப் பலவீனர் என்று ஏளனம் செய்வோர் இந்த இருவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நாவலுக்கு வருவோம். ப. சிங்காரம் 1920-ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் கடல் கடந்து இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனார். அங்கே மணம் புரிந்தார். முதற்பேற்றின்போது மனைவியும் குழந்தையும் இறந்துவிட்டனர். போர் முடிந்தபின் 1946-இல் தாயகம் திரும்பினார். மறுமணம் செய்யவில்லை. மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நீண்ட காலம் பணிபுரிந்து, விடுதி அறையில் தனியே வாழ்ந்து, 1997-இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. 1950-இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலாயிற்று. 1962-இல் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' பத்தாண்டுகள் கழித்து 1972-இல்தான் அச்சேறியது. இந்த இரு நாவல்களிலும் தம் மனைவியைப் பற்றி அவர் நேராகப் புலம்பவில்லை. ஆனால் இழப்பை அறிந்தவர் எழுதிய நூல்கள் இவை என்பது படிப்பவருக்குப் புலப்படும்.

'கடலுக்கு அப்பால்' பினாங்குத் தமிழருக்கு நெருங்கிய நூல். சூலியாத் தெருவும் செட்டித்தெருவும், மேலாளும் அடுத்தாளும், கைப்பெட்டியும் பேரேடும் கொண்ட வட்டிக்கடை உலகம் அதன் பின்னணி. ஜார்ஜ் டவுன் மீது 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. அம்மாதத்திலேயே தீவு ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1945 செப்டம்பரில்தான் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடை வேலையில் இருந்த இளைஞர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். கதைத் தலைவன் செல்லையா அப்படிச் சேர்ந்தவன். அவன் முன்பு வேலை பார்த்த கடையின் முதலாளி வயிரமுத்துப் பிள்ளை. பிள்ளையின் மகள் மரகதம். அவளும் செல்லையாவும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர்.

போர் முடிகிறது. செல்லையா திரும்பி வருகிறான். துப்பாக்கி பிடித்த கை பேரேடு எழுதத் தகாது என்பது பிள்ளையின் முடிவு. பெண்ணைத் தர மறுக்கிறார். பிள்ளை கொடியவர் அல்லர். தொழிலும் குடும்பமும் கட்டுக்குலையாமல் நிற்க வேண்டும் என்று அஞ்சுகின்ற ஒரு தகப்பனார். அந்த அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ளும்படி ஆசிரியர் எழுதுகிறார். இங்கேதான் நல்ல நாவலின் பயன் தெரிகிறது. நம்மைப் புண்படுத்தியவரின் உள்ளத்துக்குள்ளும் ஒருமுறை நம்மை அழைத்துச் சென்று காட்டுகிறது அது. புண்படுத்தியவரை உடனே மன்னித்துவிடுங்கள் என்று நமக்கு உபதேசம் செய்வதில்லை. அவரும் ஒரு மனிதர் என்று காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

தொல்காப்பியர் சொன்ன நான்கில் மூன்று செல்லையாவுக்கு நேர்கின்றன. காதலியை இழந்தது இழவு. வேண்டாதவன் என்று ஒதுக்கப்பட்டது இளிவு. படை அதிகாரியாக இருந்தவன் வேலையற்ற ஆளாக நின்றது அசைவு. அவன் துயர் எப்படித் தணிகிறது? மரகதம் கிடைக்கவில்லை. பழைய திரைப்படங்களில் வருவதுபோல் பிள்ளை கடைசி நேரத்தில் மனம் மாறவுமில்லை. மாணிக்கம் என்ற நண்பன் இருக்கிறான். தமிழ் இலக்கியத்தில் ஊறியவன். அவன் செல்லையாவோடு பேசுகிறான். இழந்ததைத் திரும்பப் பெற்றுத் தர அவனால் இயலாது. ஆனால் இழந்த பின்னும் ஒரு மனம் உடையாமல் நிற்க முடியும் என்பதை அவன் உணர்த்துகிறான். ஆறுதல் என்பது மறப்பதும் அன்று, பெறுவதும் அன்று. தாங்கும் வலிமை வருவது என்று இந்நாவல் காட்டுகிறது. அந்த வலிமை தனித்திருந்து வரவில்லை, ஒரு துணையால் வந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நேயர்களே, செல்லையாவின் துயருக்கு ஒரு மாணிக்கம் கிடைத்தான். நம் தோட்டங்களில் துணையே கிடைக்காத ஒரு பெருந்துயர் இருந்தது. அதுதான் சயாம் மரண ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942-க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் ஜப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டனர். நல்ல கூலி, சில மாதங்களில் திரும்பலாம் என்று ஆசை காட்டி மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் சேர்த்தனர். பிறகு பலவந்தமாகவும் பிடித்துச் சென்றனர். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாப் புண், பட்டினி, அடி உதை ஆகியவற்றால் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுவோர் உண்டு. அவர்களில் நம் தமிழர் மிகப் பலர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம் தொழிலாளர் புதைக்கப்பட்ட இடங்களில் அப்படிப் பெயர் பொறித்த கற்கள் வைக்கப்படவில்லை.

இதனால் லயங்களில் என்ன நேர்ந்தது? சாவு வீடென்றால் நம் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். மார்பில் அடித்துக்கொண்டு சொல்லிச் சொல்லி அழுவார்கள். பதினாறாம் நாள் கருமாதி நடக்கும். அதன்பின் அடுப்பு எரியும், பால்வெட்டுக்குப் போவார்கள். துயரை ஆற்ற நம் முன்னோர் கண்ட வழி அது. சயாமுக்குப் போனவனுக்கோ பிணம் இல்லை, நாள் இல்லை, செய்தியும் இல்லை. மனைவி தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? மகன் எந்த அமாவாசையில் தந்தைக்குப் படையல் போடுவது? அழுதால் அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அழாமலே இருந்தவர்கள் உண்டு. உயிரோடு திரும்பியவர்களிலும் பலர் வாய் திறக்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் பாட்டன் பாட்டி தலைமுறையினர் பலர் அந்த மௌனத்தோடுதான் கண்ணை மூடினார்கள்.

அந்த மௌனத்தைக் கலைத்தவை கதைகள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி 2005-இல் 'நினைவுச் சின்னம்' என்ற நாவலைத் தந்தார். அந்தத் தலைப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கல்லில் எழுப்பப்படாத சின்னத்தை ஒரு தமிழ் எழுத்தாளர் காகிதத்தில் எழுப்பினார். பாதை போட்டு முடித்து ஐம்பதாண்டுகளுக்குப் பின்னரே முதல் நூல் வந்தது. ஆயினும் பயன் குறையவில்லை. தாத்தா ஏன் இரவில் அலறினார், பாட்டி ஏன் வாசலையே பார்த்திருந்தார் என்று விளங்காமல் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு, அது கிறுக்கன்று, துயரம் என்று விளங்கிற்று. காரணம் விளங்கிய துயர் பாதி ஆறிய துயர்.

நம் பள்ளிகளில் இதனைப் பயன்படுத்த முடியும். கதை வாசித்து முடித்ததும் இதன் நீதி என்ன என்று கேட்பது நம் வழக்கம். அதோடு நிறுத்தாமல், கதைமாந்தருக்கு ஒரு கடிதம் எழுதும்படி மாணவர்களிடம் கூறிப் பார்க்கலாம். ஆறாம் ஆண்டு வகுப்பில் சயாமுக்குப் போன ஒரு தந்தையின் கதையைச் சொல்லி, அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னோம். தாயை இழந்த ஒரு மாணவி முதல் இரண்டு வரிகளை அந்தத் தந்தைக்கு எழுதியிருந்தாள். மூன்றாம் வரியிலிருந்து, 'அம்மா, தங்கச்சிக்கு இப்போது நானே சடை பின்னிவிடுகிறேன்' என்று கடிதம் திசை மாறிவிட்டது. அதற்கு நாங்கள் மதிப்பெண் போடவில்லை. படித்தோம் என்பதற்கு அடையாளமாகக் கீழே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவளாகவே இன்னொரு கடிதம் கொண்டு வந்தாள்.

ஆசிரியர்களும் பெற்றோரும் இங்கே மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். பிள்ளை துயரக் கதை படித்து அழுதால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள், அருகில் உட்காருங்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். உண்ணாமல், உறங்காமல், பேசாமல் வாரக்கணக்கில் வாடும் பிள்ளைக்குக் கதை மட்டும் போதாது, பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் மருத்துவரையும் நாடத் தயங்காதீர்கள். நூல் மருத்துவருக்கு ஈடாகாது. ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சொல்லை அது கற்றுக்கொடுக்கும்.

இன்று தோட்டங்கள் பல விற்கப்பட்டுவிட்டன. லயத்து மக்கள் அடுக்கு வீடுகளுக்கும் வெளியூர்களுக்கும் சிதறிவிட்டார்கள். முன்பெல்லாம் துயரம் நேர்ந்தால் பக்கத்து வீட்டு அத்தையும் எதிர் வீட்டுச் சித்தியும் கூப்பிடாமலே ஓடிவருவார்கள். கதவை மூடி வாழும் வீட்டில் அந்தத் துணை எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நம் வீட்டு அலமாரியில் நல்ல நாவல்கள் நான்காவது இருக்கட்டும். நம் ஊர் நூலகத்தில் சிங்காரத்தையும் சண்முகத்தையும் ரெங்கசாமியையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். படித்ததை வீட்டிலுள்ள ஒருவரிடமேனும் சொல்லுங்கள். இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களிடம், 'அந்தக் காலத்தில் என்ன நடந்தது?' என்று மெதுவாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் இடையில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.